வெட்டுக் கோடு இல்லாத கொப்பி: ஒரு உயர்தர மாணவியும் செயற்கை நுண்ணறிவுச் செயலியும்

முதலில் கண்ணில் பட்டது ஒரு சொல்தான்.

நிலையியல் (விசைகள் சமநிலையில் நிற்பது பற்றிய பகுதி) வீட்டுவேலையில் என் மாணவி ஒருத்தி "ஏணியின் அடியைப் பற்றித் திருப்புத்திறன் எடுக்க" என்று எழுதியிருந்தாள். ஒரு விசை ஒரு புள்ளியைச் சுற்றித் திருப்புகிற அளவு அது. எங்கள் பாடத்திட்டத்தில் அதற்குப் பெயர் திருப்பம். திருப்புத்திறன் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வருகிற சொல். என் வகுப்பில் அதை நான் ஒருநாளும் சொன்னதில்லை. கணக்கு முழுக்கச் சரி, படம் அழகு, விடை சரி. அந்த ஒரு சொல் மட்டும் வேறு எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருந்தது.

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் பல வருடமாக க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு இணைந்த கணிதம் (தூய கணிதமும் பிரயோக கணிதமும் சேர்ந்த பாடம்) கற்பிக்கிறேன். கொஞ்சக் காலமாகக் கண்ணில் பட்டும் பேசாமல் விட்ட விடயம் ஒன்று இந்தப் பிள்ளையில் தெளிவாகத் தெரிந்தது. அதனால்தான் எழுதி வைக்கிறேன். பிள்ளையிடமும் தாயிடமும் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயர், பாடசாலை, ஊர் எதுவும் இதில் வராது.

அந்தச் சொல்லைக் கண்ட பிறகு அவளுடைய பழைய கொப்பியையும் கொண்டுவரச் சொன்னேன். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தேன்.

பழைய கொப்பியில் ஒரு கணக்குக்கு விசைப் படம் மூன்று தரம் கீறப்பட்டிருந்தது. முதல் படத்தில் உராய்வு எதிர்த்திசையில். அதை ஒரு கோட்டால் வெட்டியிருந்தாள். இரண்டாவதில் சுவரின் மறுதாக்கத்தை (சுவர் திருப்பித் தள்ளும் விசையை) மறந்துவிட்டு, பக்கத்தில் சின்னதாக "சுவர்??" என்று எழுதியிருந்தாள். மூன்றாவது சரி. ஓரமெல்லாம் பெருக்கல், கூட்டல், ஒரு இடத்தில் பேனையை அழுத்தி வெட்டியதில் கடதாசியே கிழிந்திருந்தது. புதிய கொப்பியில் 40 பக்கத்துக்கு மேல் புரட்டினேன். ஒரு வெட்டுக் கோடு கூட இல்லை. சிவப்புப் பேனையால் தலைப்பு, அடிமட்டம் வைத்துக் கீறிய படம், ஒவ்வொரு கணக்கும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் தடங்கல் இல்லாமல் ஓடியது.

கணக்குச் செய்கிற எவருக்கும் தெரியும், அப்படி ஓடாது. எனக்கே ஓடாது.

இனிப் புள்ளிகளைப் பார்ப்போம். அந்தத் தவணைக்கு முந்திய மாதிரிப் பரீட்சையில் அவளுக்கு 64. வீட்டுவேலை இப்படி அழகாக வரத் தொடங்கிய பிறகு நடந்த பரீட்சையில் 41. தாய் போனில் சொன்னா: "இரவு பன்னிரண்டு மணி வரைக்கும் மேசையிலதான் இருக்கிறாள் சேர். படிக்கேல்லை எண்டு சொல்ல ஏலாது." தாய் சொன்னது உண்மை. பிள்ளை உழைத்துக்கொண்டுதான் இருந்தாள். சோம்பல் என்று நினைத்து ஏசியிருந்தால் முழுக்கப் பிழைத்திருப்பேன்.

அவளைக் கூப்பிட்டுக் கதைத்தேன். "எப்பிடிப் பிள்ளை இந்தக் கணக்குகளைச் செய்தனீர்?" என்று கேட்டதும் ஒளிக்காமல் போனை எடுத்துக் காட்டினாள். வினாவைப் படம் எடுத்துச் செயற்கை நுண்ணறிவுச் செயலிக்கு அனுப்புவாள். படிப்படியாக விடை வரும். அதை வாசித்து, விளங்கிக்கொண்டு, கொப்பியில் எழுதுவாள். "சும்மா பார்த்து எழுதுறேல்லை சேர். ஒவ்வொரு வரியும் விளங்கித்தான் எழுதுறனான்" என்றாள். ஒரு வரியைக் காட்டி ஏன் என்று கேட்டேன், சரியாகச் சொன்னாள். இன்னொன்று கேட்டேன், அதற்கும் சரியான பதில். அப்புறம் அவளே ஒன்று சொன்னாள். இந்தக் குறிப்பு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான்: "வாசிக்கேக்க எல்லாம் விளங்குது சேர். பேப்பரைக் கண்டா எங்க தொடங்கிறது எண்டுதான் தெரியேல்லை."

அந்த வாரத்து வீட்டுவேலையில் 12 கணக்கு. போனில் நேரத்தைப் பார்த்தோம். ஒரு கணக்கு முடிந்து அடுத்த கணக்கின் படம் போவதற்கு இடையில் கொப்பி எழுதுகிற நேரம் மட்டும்தான் இருந்தது. 11 கணக்கில் அவள் தானாக ஒரு வரி எழுதிப் பார்க்க முன்பே படம் போயிருந்தது. மீதி ஒன்று வகுப்பில் நான் செய்து காட்டியது.

ஏணி நிற்குமா

அடுத்த வகுப்பில் ஒரு சின்னப் பரீட்சை வைத்தேன். பிள்ளைகளுக்கு நன்றாகப் பழகிய கணக்கு இது: ஒப்பமான (உராய்வு இல்லாத) சுவரில் சாய்ந்து, கரடான (உராய்வு உள்ள) தரையில் நிற்கும் சீரான ஏணி, ஒருவர் எவ்வளவு தூரம் ஏறலாம்? அதை ஒரே ஒரு இடத்தில் மாற்றினேன். தரை ஒப்பம், சுவர் கரடு. ஏணி சாய்வாக நிற்குமா? காரணம் கூறுக.

இதற்குச் சமன்பாடே தேவையில்லை. சுவர் ஏணியைக் கிடையாக வெளியே தள்ளுகிறது. தரை ஒப்பம் என்றால் அதைத் திருப்பித் தள்ளக் கிடையாக ஒரு விசையும் இல்லை. அப்படியென்றால் சுவரின் தள்ளல் பூச்சியமாக இருக்க வேண்டும். தள்ளல் இல்லாத இடத்தில் உராய்வும் இல்லை. ஏணியின் நிறை அடியைப் பற்றி ஏணியைத் திருப்பும், தடுக்க ஆளில்லை. விழும். எங்கள் ஊரில் புதுச் சீமெந்துத் தரையில் ஏணி வைப்பவர்கள் அடியில் நனைத்த சாக்கைப் போடுவதைப் பார்த்த பிள்ளைக்கு இது பாதி தெரிந்த விடயம்.

அவள் அழகாகப் படம் கீறினாள். விசைகளை நிலைக்குத்தாகப் பிரித்து எழுதினாள், கிடையாகப் பிரித்து எழுதினாள், அடியைப் பற்றித் திருப்பம் எடுத்தாள். மூன்று சமன்பாடும் சரி. கிடைச் சமன்பாட்டில் சுவரின் மறுதாக்கம் பூச்சியம் என்று அவள் கையாலேயே எழுதியிருந்தாள். அதைக் கவனிக்காமல் கடந்து போய், உராய்வுக் குணகத்துக்கு ஒரு கோவையைத் தேடி 20 நிமிடம் செலவழித்தாள். பின்வாங்கில் இருக்கிற ஒரு பெடியன், எந்தப் பரீட்சையிலும் 50 ஐத் தாண்டாதவன், விடைத்தாளில் ஒரு வரி எழுதி வைத்துவிட்டு இருந்தான். விளங்கப்படுத்தச் சொன்னேன். "சுவர் தள்ளுது சேர். ஆர் மறிக்கிறது? சறுக்கும்" என்றான்.

அவளுக்குச் செய்முறை எல்லாம் கையில் இருந்தது. இல்லாமல் போயிருந்தது நின்று பார்க்கிற பழக்கம்.

இதை இப்படி விளங்கிக்கொள்கிறேன். ஒரு கணக்கில் இரண்டு வேலை இருக்கிறது. எதைச் செய்வது என்று தெரிவது ஒன்று, தெரிந்ததைச் செய்து முடிப்பது மற்றது. எழுதி முடித்த விடையில் இரண்டாவது வேலை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். "அடியைப் பற்றித் திருப்பம் எடுக்க" என்று விடை சொல்லும். ஏன் உச்சியைப் பற்றி எடுக்கவில்லை, நடுவைப் பற்றி எடுத்தால் என்ன என்று சொல்லாது. அடியைத் தெரிவு செய்தால் தரையின் மறுதாக்கமும் உராய்வும் ஒரேயடியாகச் சமன்பாட்டிலிருந்து போய்விடும். இதைக் கண்டுபிடித்தவர் முதலில் வேறு புள்ளியைப் பற்றி எடுத்துப் பார்த்து, தெரியாக் கணியங்கள் குவிந்து, பக்கத்தை வெட்டியிருப்பார். அந்த வெட்டுக் கோட்டில்தான் தெரிவு நடக்கிறது. விடை எழுதியதும் தெரிவு மறைந்துவிடும். செயலி தருகிற ஆயிரம் சரியான விடையை வாசித்தாலும் தெரிவைப் பழக இடமில்லை.

உயர்தர வினாத்தாள் கேட்பதும் இதைத்தான். மூன்று மணித்தியாலத்தில் பகுதி A இல் 10 வினாவும், பகுதி B இல் 7 வினாவில் 5 உம். எந்த 5 என்று தெரிவு செய்வதிலேயே பாதிப் பரீட்சை இருக்கிறது. ஒவ்வொரு வினாவையும் வாசித்து, இது எனக்கு வரும், இது பாதியில் என்னை மாட்டும் என்று பிள்ளை தானே மதிப்பிட வேண்டும். மாட்டிப் பார்க்காத பிள்ளைக்கு அந்த மதிப்பீடு எங்கிருந்து வரும்?

வேறு இடங்களில் கண்டது

இது என் வகுப்பில் ஒரு பிள்ளையின் கதை மட்டும் இல்லை என்று தெரிந்துகொள்ளத் தேடி வாசித்தேன். எங்களுக்கு மிகக் கிட்டவாக இருப்பது துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் 2023 இல் செய்த ஆய்வு. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களைக் கணிதப் பாடத்தில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குக் கொப்பியும் புத்தகமும் மட்டும். இன்னொரு பகுதிக்குச் சாட்ஜிபிடி போன்ற சாதாரண உரையாடற் செயலி. மூன்றாவது பகுதிக்கு விடையைத் தராமல் ஆசிரியர்கள் வகுத்த குறிப்புகளை மட்டும் தரும்படி மாற்றியமைத்த செயலி. பயிற்சி நேரத்தில் சாதாரணச் செயலி வைத்திருந்தவர்கள் 48 சதவீதம் கூடுதலாகப் பெற்றார்கள், மாற்றியமைத்த செயலி வைத்திருந்தவர்கள் 127 சதவீதம். பிறகு செயலியை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தார்கள். சாதாரணச் செயலியுடன் பழகியவர்கள், செயலியையே காணாதவர்களை விட 17 சதவீதம் குறைவாகப் பெற்றார்கள். குறிப்பு மட்டும் தந்த செயலியோடு பழகியவர்களிடம் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

இதில் என்னை உலுக்கியது 17 இல்லை. அப்படிக் குறைவாகப் பெற்ற பிள்ளைகளுக்குத் தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்ற உணர்வே இருக்கவில்லை. "விளங்குது சேர்" என்று என் மாணவி சொன்னது பொய்யில்லை என்று அப்போதுதான் முழுதாகப் பட்டது. விளங்கியது போன்ற உணர்வு உண்மையாகவே வருகிறது. கற்றல் அதோடு சேர்ந்து வரவில்லை.

இந்த உணர்வு செயலிக்கு முன்பும் இருந்ததுதான். 2006 இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட பரிசோதனையில், ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள். ஒரு கிழமை போன பிறகு பார்த்தால், வாசித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்களோ திரும்ப வாசித்தவர்கள்.

மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் மீடியா லாப் 2025 இல் வெளியிட்ட ஆய்வையும் பலர் பகிர்ந்தார்கள். கட்டுரை எழுதும்போது 54 பேருடைய மூளை மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். சாட்ஜிபிடியால் எழுதியவர்களில் 83 சதவீதமானோருக்கு, எழுதி முடித்த உடனேயே, தங்கள் கட்டுரையிலிருந்து ஒரு வாக்கியத்தைச் சரியாக எடுத்துச் சொல்ல முடியவில்லை. சின்ன ஆய்வு, மற்ற ஆய்வாளர்கள் சரிபார்க்க முன்பே வெளிவந்தது. மூளை அழுகுகிறது என்று அதை வைத்துத் தலைப்புப் போட்டவர்கள் பிள்ளைகளையும் பெற்றோரையும் வீணாகப் பயப்படுத்தினார்கள். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

வளர்ந்தவர்கள் தப்பிவிடுவார்கள் என்றும் நினைக்க முடியாது. போலந்தில் நான்கு மையங்களில் குடல் அகநோக்குப் பரிசோதனை செய்யும் வைத்தியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவின் துணை கொடுத்தார்கள். பிறகு அந்தத் துணை இல்லாமல் செய்த பரிசோதனைகளைப் பார்த்தால், புற்றாக மாறக்கூடிய கட்டிகளைக் கண்டுபிடித்த வீதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 சதவீதமாக இறங்கியிருந்தது. வேறு காரணங்களும் கலந்திருக்கலாம் என்றாலும், ஆயிரக்கணக்கான பரிசோதனைகளைச் செய்து கைபழகிய வைத்தியர்கள் அவர்கள்.

என்னிலும் கண்டேன். இரண்டு தவணையாக மாதிரி வினாத்தாள் தயாரிக்கச் செயலியைப் பயன்படுத்தினேன். முன்பெல்லாம் விடையிலிருந்து பின்னோக்கி வந்து, எண்களை மாற்றி மாற்றி, பிள்ளை எந்த இடத்தில் வழுக்கும் என்று நானே வழுக்கிப் பார்த்துத்தான் வினா அமைப்பேன். இப்போது வகுப்பில் ஒரு பிள்ளை மாட்டுப்பட்டு நிற்கும்போது எந்த வரியில் மாட்டியிருப்பாள் என்று உடனே சொல்ல எனக்கு வரவில்லை. வினா என்னுடையதாக இருக்கவில்லை. அன்றோடு விட்டேன்.

செய்து பார்த்தது

செயலியை முழுதாக நிறுத்தச் சொல்லவில்லை. இரவு பதினொரு மணிக்கு ஒரு சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கிறது என்பது பெரிய விடயம். கணித ஆசிரியரே கிடைக்காத பாடசாலையில் படிக்கிற பிள்ளைக்கு அதைத் தூக்கி எறி என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆறு கிழமைக்கு ஓர் ஒழுங்கு வைத்தோம். முதல் 20 நிமிடம் போன் தாயிடம். பென்சில் இல்லை, அழிறப்பர் இல்லை. பிழைத்தால் ஒரு கோட்டால் வெட்டிவிட்டுக் கீழே தொடர வேண்டும், வெட்டியது வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் செயலியிடம் கேட்கலாம், ஆனால் வினாவைப் படம் எடுத்து அனுப்பாமல், எந்த இடத்தில் மாட்டியிருக்கிறேன் என்று தன் சொல்லில் எழுதி, "விடையைச் சொல்ல வேண்டாம், எந்த வரியில் பிழை என்று மட்டும் சொல்" என்று கேட்க வேண்டும். அடுத்த நாள் காலை அதே கணக்கை வெறுங் கடதாசியில் திரும்பச் செய்ய வேண்டும்.

முதல் கிழமை 12 கணக்கில் மூன்றுதான் முடிந்தது. வியாழக்கிழமை தாய் எடுத்தா, பிள்ளை அழுகிறாள், பரீட்சை கிட்டுது, பழையபடி விடட்டா என்று கேட்டா. எனக்கும் நெஞ்சு இடித்தது. நான் பிழையாக இருந்தால் போவது அவளுடைய வருடம். இன்னும் ஒரு கிழமை பார்ப்போம் என்றேன்.

மூன்றாம் கிழமையில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மாட்டிய இடத்தைத் தன் சொல்லில் எழுத வேண்டும் என்ற விதியை, செயலி விடையைக் கொட்டாமல் இருக்கட்டும் என்றுதான் வைத்தேன். அவள் ஒரு நாள் வந்து, எழுதிக்கொண்டிருக்கும்போதே பிழை தெரிந்துவிட்டது, அனுப்பவே இல்லை என்றாள். "கப்பியின் இரண்டு பக்கமும் இழுவை ஒன்று என்று எடுத்தேன், ஆனால் கப்பி" என்று எழுதியதோடு நின்றிருந்தது அந்தச் செய்தி. கப்பி கரடானது, அப்போது இரண்டு பக்க இழுவையும் ஒன்றாக இராது. வினாவிலேயே இருந்த சொல். எங்கே விளங்கவில்லை என்று சொல்லத் தெரிவதற்கு அவ்வளவு தூரம் விளங்க வேண்டியிருக்கிறது.

ஆறு கிழமை முடிய வைத்த மாதிரிப் பரீட்சையில் 58. பிரயோக கணிதத்தில் நன்றாக ஏறியிருந்தது. தூய கணிதத்தில் திரிகோண கணிதமும் சமனிலிகளும் பெரிதாக அசையவில்லை. காரணம் சரியாகப் பிடிபடவில்லை. அந்த 41 ஐயும் முழுக்கச் செயலியின் தலையில் போட முடியாது. அந்தப் பரீட்சைக்கு இரண்டு கிழமைக்கு முதல் அவளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்திருந்தது, உடம்பு தேறியிருக்காது. ஒரே ஒரு பிள்ளை, ஒப்பிட இன்னொரு பிள்ளை இல்லை, இடையில் நான் தனியாகக் கவனித்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். வெட்டுக் கோடுகள் திரும்பி வந்தது மட்டும் உறுதி.

இரசாயனவியலுக்கு இன்னும் படம் எடுத்துத்தான் அனுப்புகிறாள். அதை அவள் மறைக்கவில்லை.

என் கரும்பலகை

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. யாழ்ப்பாணத்து ரியூசன் வகுப்பு எப்படி நடக்கிறது? வாங்கு வாங்காக எண்பது பிள்ளைகள். நான் வினாவை எழுதுகிறேன், மூச்சு விடாமல் படத்தைக் கீறுகிறேன், முதல் வரியை எழுதுகிறேன். பிள்ளைகள் குனிந்தபடி பார்த்து எழுதுகிறார்கள். கடந்தகால வினாத்தாள் பத்து வருடத்தையும் அப்படியே முடிப்போம். தடங்கல் இல்லாமல் ஓடுகிற விடையை அவர்களுக்குப் பழக்கியது செயலி இல்லை. அது வர எவ்வளவோ காலத்துக்கு முன்பே முதல் வரியை எண்பது பேரிடமிருந்தும் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை புதிய பழக்கம் எதையும் பழகவில்லை. என்னிடம் பழகியதை இரவிலும் தொடர்ந்தாள்.

ஆகவே வகுப்பையும் மாற்றினேன். வினாவை எழுதியதும் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு 12 நிமிடம் ஒன்றும் எழுதுவதில்லை. வாங்குகளுக்கிடையில் நடந்து கொப்பிகளைப் பார்ப்பேன். முதல் நாட்களில் அந்த 12 நிமிடமும் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது. பலர் தேதியை எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். பாடத்திட்டம் முடியாது என்று இரண்டு பெற்றோர் வந்து முறையிட்டார்கள், ஒரு பிள்ளை வேறு வகுப்புக்கு மாறிவிட்டது. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு வகுப்பில் ஏழு கணக்கு செய்த இடத்தில் இப்போது நாலுதான் முடிகிறது. அதனால் 12 ஐ எட்டாகக் குறைத்தேன். எட்டுக்குக் கீழே இறக்கப் போவதில்லை என்று அந்தப் பெற்றோரிடமும் சொல்லிவிட்டேன்.